ஃபோர்டு 8என் முன்பக்க டிஸ்டிரிபியூட்டர்: 9 வருட அனுபவம்

போன சனிக்கிழமை ஒஹையோவில் இருக்கும் நண்பர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சாம்பல் நிறத் தகடு, சிவப்பு அடிப்பாகம், பழைய ஃபோர்டு 8என் டிராக்டர். "அண்ணா, பக்கத்துப் பண்ணையில விலைக்கு வருது. வாங்கலாமா?" என்று கீழே ஒரு வரி. அந்த நேரத்தில் என் 8என் டிராக்டரின் டிஸ்டிரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியான நேரத்தில் ஸ்பார்க்கை அனுப்பும் பாகம்) பட்டறை மேசையில் பிரித்துக் கிடந்தது. ஒரே கோடையில் மூன்றாவது தடவை. அப்போதே பதில் போட்டிருந்தால் "கிட்டவே போகாதே" என்றுதான் எழுதியிருப்பேன். பூட்டி, ஓட்டிப் பார்த்து, ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு இதை எழுதுகிறேன்.

வண்டியின் மற்ற விவரங்கள் இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். 1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கும் மேல் வந்த வண்டி. மிஷிகனில் எங்களுக்கு 6 ஏக்கர். புல் வெட்ட, பனி தள்ள, ஆப்பிள் மரங்களுக்கு நடுவே மண்ணைக் கிளற இது தாராளமாகப் போதும். ஹைட்ராலிக், கியர், கிளட்ச் எதுவும் இந்த 9 வருடத்தில் என்னைக் கைவிட்டதில்லை. என் கோபமெல்லாம் ஒரு கையில் அடங்கிவிடும் அந்த டிஸ்டிரிபியூட்டர் மேல்தான்.

1939-இல் வந்த 9என் தொடங்கி 1950-இன் நடுப்பகுதி வரை, இந்த வரிசை டிராக்டர்களில் டிஸ்டிரிபியூட்டர் இன்ஜினின் நெற்றியில் இருக்கும். முன்னால் ரேடியேட்டர், அப்புறம் விசிறி, பெல்ட், அதற்கும் பின்னால் தாழ்வாக ஒளிந்துகொண்டு இது. இன்ஜினின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் முனையிலேயே நேராகச் செருகி நிற்கும். அதன் தலைமேல், பேட்டரி மின்சாரத்தை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக்கும் சதுரமான காயில். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்சுதான் பாயிண்ட்; அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி பாயிண்ட் கேப். இருந்த இடத்திலேயே வைத்து அந்த கேப்பைப் பார்க்க முடியாது, கண்ணுக்கே எட்டாது. காயிலைப் பிடித்திருக்கும் கம்பியைத் தள்ளி, மூடியின் கிளிப்புகளை விரலால் தடவிக் கழற்றி, இரண்டு போல்ட்டை எடுத்து முழுசாக வெளியே கொண்டுவர வேண்டும். முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிடம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விரல் முட்டி ஏதாவது ஒரு தகட்டில் உரசி ரத்தம் வரத்தான் செய்கிறது.

ஊரில் எங்கள் வீட்டு டிராக்டர் டீசல். அதில் ஸ்பார்க்குக்கு வேலையே இல்லை. பாயிண்ட், அது தீயாமல் காக்கும் கண்டென்சர் எல்லாம் அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் பார்த்ததோடு சரி. உப்புத்தாளை மடித்து பாயிண்ட் நடுவில் விட்டு இரண்டு இழு இழுப்பார், வண்டி கிளம்பிவிடும். அந்த ஞாபகத்தில்தான் நானும் தைரியமாகக் கை வைத்தேன்.

இந்தத் தடவை தொந்தரவு ஏப்ரலில் தொடங்கியது. பழைய பாயிண்ட் குழி விழுந்து கருத்திருந்தது. தபாலில் ஒரு கடையிலிருந்து புது செட் வரவழைத்தேன்: பாயிண்ட், கண்டென்சர், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டர் பக்கமும் திருப்பிவிடும் ரோட்டர். 0.015 அங்குலத்துக்கு கேப் வைத்து, சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமில் துளி கிரீஸ் தடவிப் பூட்டினேன். அருமையாக ஓடியது. பத்து மணி நேரம் புல் வெட்டியிருப்பேன். அப்புறம் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இன்ஜின் எடுக்கவில்லை. எடுத்தாலும் மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. எக்ஸாஸ்ட் வழக்கத்தைவிட அதிகமாகக் கொதிக்கிறது. பெட்ரோல்தான் சரியாக வரவில்லை என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டால், 0.015 இருக்க வேண்டிய கேப் 0.008 ஆகச் சுருங்கியிருந்தது. கேப் சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க் தாமதமாக வரும். பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்த பிறகு பற்றும் நெருப்பு வண்டியை இழுக்காமல் எக்ஸாஸ்டைத்தான் சுட வைக்கும். நான் பார்த்த அறிகுறி எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றுதான் காரணம். கேப்பைத் திரும்ப 0.015-க்கு வைத்தேன். எட்டே மணி நேரத்தில் மறுபடி அதே கதை.

மூன்றாவது தடவை பொறுமையாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கேமில் உரசும் பாயிண்டின் பாதம் சாக்பீஸ் மாதிரி தேய்ந்து, உள்ளே பழுப்பாகத் தூள் படிந்திருந்தது. பழைய பாயிண்டைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. பல வருடம் உழைத்த அதன் பாதம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. அந்த செட்டில் வந்த கண்டென்சரும் அதே தரம்தான். அரை மணி ஓடிச் சூடானதும் ஸ்பார்க் மஞ்சளாகி நடுங்கும். கழற்றிப் போட்ட பழைய கண்டென்சரையே திரும்பப் பூட்டினேன், ஸ்பார்க் நீலமாகப் பளிச்சென்று வந்தது. விவசாயி ஒருவர் அறுவடை நேரத்தில் இப்படிப்பட்ட செட்டை நம்பிப் பூட்டினால் என்ன ஆவது? இந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. 75 வருடம் உழைத்த இரும்புக்கு இரண்டு வாரம்கூடத் தாங்காத பாகத்தை விற்பது அநியாயம்.

சரி, பாயிண்ட் மட்டும்தான் குற்றவாளி என்றால் அதுவும் நியாயமில்லை. டிஸ்டிரிபியூட்டரின் ஷாஃப்டைக் கட்டைவிரலால் பாயிண்ட் பக்கம் தள்ளிப் பார்த்தேன். கேப் 0.005 மாறியது. உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது. ஆடுகிற ஷாஃப்டில் என்னதான் கேஜ் வைத்து அளந்தாலும் அந்த அளவு நிற்காது. நாலு சிலிண்டருக்கும் நாலு விதமாக ஸ்பார்க் போகும். கேமின் மேல் துருப்புள்ளிகள் வேறு. அந்தச் சொரசொரப்பும் சேர்ந்துதான் பாதத்தை அரைத்திருக்கிறது. எங்கள் சாலையில் ஓய்வுபெற்ற லேத் மிஷின்காரர் ஒருவர் இருக்கிறார். புது புஷ் இரண்டையும் அழுத்தி ஏற்றி, ரீமர் விட்டு, ஷாஃப்ட் விரல் பலத்தில் சுழலும்படி கச்சிதமாக்கிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கேமை மிக நைசான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். வேறு கடையில் நல்ல பாயிண்ட் கிடைத்தது.

இதற்குப் பிறகு வரும் வேலைதான் என் மனதைக் கரைத்துவிடுகிறது. இந்த டிஸ்டிரிபியூட்டருக்கு டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வர வேண்டிய நேரத்தை, மேசையிலேயே வைத்துவிடலாம். ஷாஃப்டின் அடிமுனையில் ஒரு நாக்கு இருக்கும். நட்ட நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். கேம்ஷாஃப்டில் உள்ள பள்ளமும் அப்படியே. அதனால் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும், மாறவே மாறாது. நாக்கின் அகலமான பக்கத்தை ஒட்டி ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, ஷாஃப்டை அது சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். பாயிண்ட் திறக்கத் தொடங்கும் நொடியில், போல்ட் துளையின் வெளி ஓரத்திலிருந்து ஸ்கேல் கால் அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். டைமிங் லைட் தேவையில்லை, வண்டி பக்கத்தில் இருக்கவே தேவையில்லை. ஒரு ஸ்கேல், ஒரு ஃபீலர் கேஜ், பாயிண்ட் திறப்பதைக் காட்ட ஒரு சின்ன பல்ப். பண்ணையில் மெக்கானிக் இல்லாத விவசாயியை மனதில் வைத்து யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை அந்தக் கால் அங்குலம் சரியாக வந்து நிற்கும்போதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பப் பூட்டும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. ரோட்டரை இப்படியும் அப்படியுமாக மெல்லத் திருப்பினால் நாக்கு பள்ளத்தில் சட்டென்று இறங்கி, டிஸ்டிரிபியூட்டரின் முகம் இன்ஜினோடு ஒட்டி உட்காரும். உட்காருவதற்கு முன் போல்ட்டை முறுக்கி இழுத்தால் போல்ட் போகும் காது உடைந்துவிடும். என்னுடையதில் ஒரு காது பற்றவைத்த தழும்போடுதான் வந்தது. எனக்கு முன்னால் யாரோ முறுக்கியிருக்கிறார்கள். மூடிக்கு அடியில் வரும் கேஸ்கெட்டையும் விட்டுவிடக் கூடாது. எங்கள் பக்கம் செப்டம்பர் காலையில் பனித்துளி ஈரம் அதிகம். கேஸ்கெட் இல்லாத வருடம் மூடிக்குள் வியர்த்து, வெயில் ஏறும்வரை வண்டி திணறிக்கொண்டே இருந்தது.

12 வோல்ட்டுக்கு மாற்று, எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் 6 வோல்ட்டிலேயே இருக்கிறேன். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு ஆம்பியர் இரண்டு மடங்கு வேண்டும், அதற்குத் தடிமனான கேபிள் வேண்டும். கார் பேட்டரிக்குப் போடும் மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு "6 வோல்ட் இழுக்காது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். தடித்த கேபிள் போட்டு, டெர்மினலைச் சுத்தமாக வைத்தால் ஜனவரியிலும் கிளம்புகிறது. ஒரே எச்சரிக்கை: இன்ஜின் நின்ற பிறகு சாவியை ஆனிலேயே விட்டுவிடாதீர்கள், காயில் வெந்துபோகும்.

ஞாயிறு மாலை செல்ஃப் பட்டனைத் தொட்டதும் எடுத்தது. மேட்டுப் புல் முழுவதையும் மூன்றாவது கியரில் திணறாமல் வெட்டி முடித்தேன்.

இனி நண்பரின் கேள்வி. தம்பி, இவ்வளவு சொன்ன பிறகும் என் பதில்: முன்பக்க டிஸ்டிரிபியூட்டர் உள்ள வண்டி உனக்கு வேண்டாம். இன்ஜின் பிளாக்கின் இடது பக்கம் வரிசை எண் பொறித்திருக்கும். அது 263844 அல்லது அதற்கு மேல் என்றால் டிஸ்டிரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கும். மூடியைத் தூக்கினாலே பாயிண்ட் கண்ணுக்குத் தெரியும், நின்றபடியே வேலை பார்க்கலாம். அதில் கேப் 0.025, அதையும் குறித்துக்கொள். மேசையில் டைமிங் வைக்கும் சுகம் அதில் இல்லைதான். ஆனால் உனக்கு வேலைக்குப் போய் வந்த பிறகு கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுவதில் நீ செலவழிக்க வேண்டாம்.

எண் குறைவாக இருந்தும் மனசு கேட்கவில்லை என்றால், பார்க்கப் போகும்போது அரை அங்குல ஸ்பேனரையும் டார்ச்சையும் எடுத்துப் போ. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு அந்த இரண்டு போல்ட்டைக் கழற்று. காது இரண்டும் முழுசாக இருக்கிறதா பார். ஷாஃப்டைக் கட்டைவிரலால் தள்ளிப் பார். ஆடினால் விலையைக் குறைத்துக் கேள்.