பிண்டாரியா, கஃப்னியா?

தண்டையார்பேட்டை மச்சான் முதல் தடவை இமயமலைக்குக் கிளம்புகிறான். பிண்டாரி போகலாமா, கஃப்னி போகலாமா என்று இரண்டு வாரமாகக் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டுமே உத்தராகண்டின் பாகேஷ்வர் மாவட்டத்துப் பனியாறுகள். சென்ட்ரலிலிருந்து டெல்லிக்கு இரண்டு இரவு ரயில், பிறகு காத்கோதாம், அங்கிருந்து ஜீப். கடைசி ஊரான காத்தியைத் தாண்டி துவாலி வரை ஒரே வழி. துவாலியில் பிண்டர் ஆறும் கஃப்னி ஆறும் சேர்கின்றன, வழி அங்கே பிரிகிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். தூரம் ஒன்றாக இருக்கிறதே என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள்.

பிண்டாரிப் பக்கம் ஆள் நடந்து நடந்து பதிந்த பாதை. நடுவில் ஃபுர்கியாவில் தங்க இடம் உண்டு. 3,600 மீட்டருக்கு மேலே, பாதை முடிகிற ஜீரோ பாயின்ட்டில் நின்றால் பனியாறு எதிரே தெரியும். முதல் தடவை போகிறவர்களுக்கு இதுதான்.

கஃப்னி கதை வேறு. 2013 ஜூன் வெள்ளம் இந்தப் பாதையைப் பல இடங்களில் அடித்துப்போனது. அப்புறம் பல வருடம் யாரும் சரிசெய்யவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்தால் காடு பாதையை எடுத்துக்கொள்ளும். செந்தட்டி இடுப்புயரம் வளர்ந்து நிற்கும். அரைக்கால் சட்டையோடு போனால் ராத்திரி முழுக்க எரியும். (அதன் இளந்தளிரை அந்த ஊர்க்காரர்கள் கீரையாகச் சமைக்கிறார்கள், ருசியும் நன்றாக இருக்கும்.) செடிக்கடியில் கல் ஆடுகிறதா, பள்ளமா என்று தெரியாது. மண் சரிந்த இடத்தில் மேலே ஏறிச் சுற்றவேண்டும். பிண்டாரியில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தூரத்துக்கு இங்கே மூன்று மணி நேரம் ஆனது.

அதைவிட ஓடைகள். வெயில் ஏற ஏற பனி உருகும். காலையில் முழங்காலளவு இருந்த தண்ணீர் மதியம் தொடையைத் தள்ளும். நான் ஒரு தடவை தாமதமாகக் கிளம்பி, இரண்டு மணிக்கு ஓர் ஓடைக்கரையில் நின்றேன். கூட வந்த காசிமேட்டுத் தம்பி கடலில் வளர்ந்தவன். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேணாண்ணே, திரும்பிடலாம்" என்றான். திரும்பினோம். 6,861 மீட்டர் உயர நந்தாகோட் சிகரத்தின் அடியில் இருக்கும் கஃப்னியை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தத் தம்பி சொன்னது சரிதான்.

செலவிலும் கஃப்னிதான் அதிகம். கூடாரம், அரிசி எல்லாம் சுமக்கவேண்டும், கையில் இரண்டு நாள் கூடுதலாக வேண்டும், காத்திக்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கட்டாயம் அழைத்துப்போக வேண்டும்.

வடசென்னை முழுக்கக் கடல்மட்டம், ஏறிப் பழக மேடே கிடையாது. அதனால் ரயில்வே நடைமேம்பாலப் படிகளில் பை சுமந்து ஏறுங்கள். ஞாயிறுகளில் ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் மலைக்குப் போனால் புதரிலும் ஓடையிலும் கால் வைக்கவும் பழகும்.

மச்சான் அக்டோபரில் பிண்டாரி போகிறான். துவாலி வரை நானும் கூட வருவேன். அங்கே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அதே தம்பியோடு கஃப்னிப் பக்கம் திரும்பப்போகிறேன்.