நேர்வெட்டு வேண்டுமா? வாட்ஸைப் பார்க்காதீர்கள்

மின்ரம்பம் வாங்குகிறவர்கள் பெட்டியில் முதலில் தேடுவது வாட்ஸ். ஆனால் வெட்டு கோணுவது பிளேடு ஆடுவதாலும், அதற்கு வழிகாட்டும் விளிம்பு நகர்வதாலும்தான். பளிச்சென்று விழும் லேசர் கோடும் அதைச் சரிசெய்யாது.

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி வெட்டும் ஜிக்சா வளைவுக்கு மட்டும். அதன் பிளேடுக்கு மேலே மட்டும்தான் பிடிப்பு. தடித்த கட்டையில் மேல்பக்கம் கோட்டில் இருக்கும், அடிப்பக்கம் விலகிப்போகும். வட்ட பிளேடை மேலிருந்து கீழே இறக்கி வெட்டும் மைட்டர் சா சட்டங்களைக் குறுக்கே வெட்ட அருமை, முழு பிளைவுட்டுக்கு உதவாது.

முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 184 மி.மீ. பிளேடு போடும் சர்குலர் சா, அதாவது கையில் பிடித்து ஓட்டும் வட்டரம்பம். கடையிலேயே அதன் அடித்தட்டைப் பாருங்கள். மெல்லிய தகட்டில் அடித்தது ஒருமுறை கீழே விழுந்தாலே வளையும். வார்ப்பு அலுமினியம் அவ்வளவு எளிதில் வளையாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, அடித்தட்டின் விளிம்பிலிருந்து பிளேடுக்குள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளக்கவும். குறியிட்ட ஒரே பல்லைச் சுழற்றி இரண்டு இடத்திலும் அளந்தால்தான் கணக்கு சரி. இரண்டும் ஒத்துவராவிட்டால் பிளேடின் பின்பக்கம் மரத்தை உரசிக் கருக்கும்.

செங்கோணத்துக்கு ரம்பத்தில் உள்ள அளவுகோட்டை மட்டும் நம்பிவிடக்கூடாது. ஒரு துண்டை வெட்டி, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டுமுகங்களை ஒட்டவையுங்கள். தெரியும் இடைவெளி உண்மைப் பிழையின் இரு மடங்கு.

வழிகாட்டியைச் சொந்தமாகச் செய்வதே மேல். அகலமான மெல்லிய பலகைமேல் நேரான பட்டை ஒன்றை ஒட்டி, ரம்பத்தை அந்தப் பட்டையோடு அணைத்து ஒருமுறை ஓட்டினால், பலகையின் மிச்ச விளிம்பே இனி வெட்டுக்கோடு. அதைக் குறிமேல் வைத்துக் கிளாம்ப் போட்டால் போதும். பிளேடு மாற்றினால் விளிம்பும் மாறும், மறக்க வேண்டாம்.

கூடவே வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல். நார் ஓட்டத்தோடு அறுக்க அது சரி; பிளைவுட்டில் விளிம்பு பிய்ந்துபோகும். அதற்கு 40 பல்லுக்குக் குறையாதது வேண்டும். 60 பல்லை வைத்து நீளவாக்கில் அறுத்தால் தூள் வெளியேற இடமின்றிக் கருகும். சர்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே வெட்டுவதால் நல்ல முகம் அடியில் இருக்கட்டும். பலகைக்குக் கீழே பல் 5 மி.மீ. நீண்டால் போதும்.

ஒரே அகலத்தில் நிறையப் பட்டைகள் அறுப்பவருக்கு டேபிள் சா, அதாவது மேசைமேல் நீட்டிநிற்கும் பிளேடை நோக்கி மரத்தைத் தள்ளி அறுப்பது. அங்கே மரம் அணைந்து ஓடும் பக்கவழிகாட்டியான ஃபென்ஸ்தான் உயிர். பூட்டியபின் அதன் பின்முனையைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம். பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் மரம் இடையில் சிக்கி உங்கள் மேலேயே எகிறும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத்தகடு, பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் பற்கள் விட்டுச்செல்லும் வெட்டுத்தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு மாற்றும்போது பலர் கோட்டைவிடும் இடம் இது: தகடு தடத்துக்குள் நுழையாமல் மரம் பாதியில் நின்றுவிடும்.

நன்றாக வெட்டிக்கொண்டிருந்த பிளேடு திடீரென்று கருக்கினால் புதியது வாங்க ஓடாதீர்கள். பல்லில் அப்பிய பிசினைக் கழுவிவிட்டு ஒருமுறை வெட்டிப் பாருங்கள்.