18 வெள்ளி ஈரப்பத மீட்டர்: கெக்கோ வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு

ஒயர் நுனியில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் மீட்டர், இணையத்தில் 18 வெள்ளிக்கு வாங்கினேன். லெபர்ட் கெக்கோ என்ற என் வளர்ப்புப் பல்லியின் தொட்டியில் நான்கு மாதமாக இருக்கிறது. தாராளமாக வாங்கலாம், ஆனால் உப்பு வைத்துச் சோதித்த பிறகு நம்புங்கள்.

இதற்கு முன் முள் ஓடும் வட்ட மீட்டர் ஒன்று வைத்திருந்தேன். சுங்கை சிப்புட்டில் மழை விடாமல் கொட்டினாலும் 45, வெயில் கொளுத்தினாலும் 45. அதை நம்பி நானும் தொட்டியின் தரையில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நாள் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கினால் அடியில் வெள்ளையாகப் பூஞ்சை, கெக்கோவின் மூக்கில் குமிழ் குமிழாகச் சளி, வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுகிறது. ஈப்போவில் இருக்கும் விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டது, ஆனால் அந்த இரண்டு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

பாட்டி கேட்டார்: "சுவத்துல ஓடுற பல்லி மழையில நல்லாத்தானே இருக்கு, இதுக்கு மட்டும் ஏன்யா?" சுவர்ப் பல்லி இந்த ஊர்க் காற்றுக்குப் பழகியது. இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி, 30 முதல் 40 சதவீத ஈரப்பதம்தான் இதற்குப் பிடிக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் ஈரத்தை ஏற்றத்தான் சொல்லித் தருகிறார்கள், செம்பனைத் தோட்டத்து நடுவில் இருக்கும் நமக்கோ இறக்குவதுதான் பாடு.

புது மீட்டர் வந்ததும் ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சென்சாரோடு ஜிப் பையில் மூடி இரவு முழுக்க வைத்தேன். ஈர உப்போடு மூடிய பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அதனால் மீட்டரும் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது, அதனால் எப்போதும் 4 கூட்டிக்கொள்கிறேன்.

சென்சாரைத் தொட்டியின் தரையில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது, கூட்டிப் பார்த்தால் 83! நார்த்தூளை அள்ளிவிட்டு ஓடு பதித்தேன், கண்ணாடி மூடிக்குப் பதில் கம்பி வலை, கிண்ணமும் சின்னது. இப்போது சூடான பக்கம் 55, மறுபக்கம் 65. ஏர்கோன் இல்லாத வீட்டில் இதற்குக் கீழே என்னால் இறக்க முடியவில்லை.

அப்புறம், தோல் வெளுத்துச் சட்டை உரிக்கும் நேரத்தில் ஈர டிஷ்யூ போட்ட மார்ஜரின் டப்பா ஒன்றைத் தொட்டிக்குள் வைப்பேன். ஒயர் நீளமாக இருப்பதால் சென்சார் அதற்குள்ளும் போகும், அங்கே மட்டும் 80 இருந்தால் நல்லது. முடிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், நூல் மாதிரி தோல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

குறைகளும் உண்டு. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சி ஒரே வாரத்தில் கழன்று விழுந்தது. சென்சாரில் தண்ணீர் பட்டால் காயும்வரை 99இலேயே நிற்கும். இரவில் எவ்வளவு ஏறியது என்று நினைவில் வைக்காது, அதனால் விடியற்காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது நானும் எழுந்து பார்க்கிறேன். இன்னும் சில வெள்ளி கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் உச்ச அளவைக் காட்டும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.