விளம்பரப் படத்தில் சிரிப்பது என் அம்மா அப்பா, அந்தக் கோட்டைக்குள் அவர்கள் போகவே இல்லை

"பெரிகோர் கிராமத்துச் சுற்றுலா, 3 நாள், 7 கோட்டை, 5 கோயில், ஒரிஜினல் லஸ்கோ குகை, தமிழ் பேசும் வழிகாட்டி, எல்லாம் உட்பட" என்று ஒரு விளம்பரம் வாட்ஸாப் குழுக்களில் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பெரிகோர் பிரான்சின் தென்மேற்கில் ஒரு பகுதி, லஸ்கோ அங்கே ஆதிமனிதர் ஓவியங்கள் இருக்கும் குகை, கோயில் என்று நான் எழுதுவதெல்லாம் கிறிஸ்தவக் கோயில். அதில் ஆற்றங்கரையில் நீலச் சேலை கட்டி ஒரு அம்மாவும் தொப்பி போட்ட ஒரு பெரியவரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் மலை உச்சியில் பெய்னாக் கோட்டை. அவர்கள் என் அம்மாவும் அப்பாவும். அவர்களைக் கூட்டிப் போன சுற்றுலாக்காரர் எங்களைக் கேட்காமலே அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். அதனால்தான் இத்தனை நாள் அவமானத்தில் மூடி வைத்ததை இப்போது எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து அப்பா, அம்மா, சித்தி மூவரும் பிரான்சில் இருக்கும் என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், பள்ளிக்கூடத்தில் குகை ஓவியம் பாடம் எடுத்தவர், லஸ்கோ பார்க்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பழைய கோயில்கள் பார்க்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமத்துக் கோயிலில் பூசை காணவேண்டும், அவ்வளவுதான். எனக்கோ லீவு கிடைக்கவில்லை. பிரெஞ்சு தெரியாத மூன்று பேரைத் தனியாக அனுப்ப முடியாதே என்று யோசித்த நேரத்தில் இந்த விளம்பரம். நம்ம ஆள், தமிழ் பேசுகிறார், போனில் "அண்ணே, என் அப்பா அம்மா மாதிரி பாத்துக்குறேன்" என்றார். விழுந்துவிட்டேன்.

தலைக்கு 480 யூரோ, மூன்று பேருக்கு 1,440. ஆயிரம் யூரோ முன்பணமாக வங்கி வழியே அனுப்பினேன், மீதி அப்பா கையில் ரொக்கமாகக் கொடுத்தார். பணம் அனுப்பும்போது ஒன்று சொன்னார், இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. "காரணம்னு கேக்குற இடத்துல பிறந்தநாள்னு போடுங்க அண்ணே, சுற்றுலானு போட்டா வரி அது இதுன்னு தொல்லை." நானும் பிறந்தநாள் என்று போட்டேன். பின்னால் வங்கியில் போய் நின்றபோது அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, நீங்கள் பிறந்தநாள் பரிசு அனுப்பியிருக்கிறீர்களே, என்ன புகார் என்று கேட்டார்.

வியாழக்கிழமை கிளம்பிப் போனார்கள். தினமும் ராத்திரி போன் பண்ணினால் அப்பா "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்பார். அந்த "தான்" எனக்குக் கேட்டிருக்கவேண்டும். சனிக்கிழமை எனக்குத் திடீரென்று ஓய்வு கிடைத்தது, சரி, ஆச்சரியப்படுத்தலாம் என்று காலையில் போர்தோ நகரத்துக்கு டிஜிவி அதிவேக ரயில் பிடித்து, அங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்து, மத்தியானம் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். "கோட்டையோடு தங்கல்" என்பது விளம்பர வாசகம். அது ஒரு கேம்பிங், கூடாரம் போட்டுத் தங்குகிற இடம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மொபில்-ஓம், இழுத்து வந்து நிறுத்துகிற வீடு, தகர டப்பா மாதிரி. கோட்டை தெரியத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது: குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் இடத்துக்குப் போய், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றால்.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் பேச்சுவாக்கில், "கஸ்தெல்நோ போனீங்களே, அங்க கல் எறியுற பெரிய மரப் பொறிகளப் பாத்தீங்களா?" என்றேன். அந்தக் கோட்டை பேர்போனதே அதற்குத்தான், இடைக்காலப் போர்க்கருவிகள் அருங்காட்சியகம் அது, ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கவண் பொறிகளை வெளியிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். உள்ளே போனவர் யாரும் மறக்க முடியாது. அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா சித்தியைப் பார்த்தார். "எந்தப் பொறிப்பா?"

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா எந்தச் சீட்டையும் தூக்கிப் போடமாட்டார், ஊரில் பஸ் டிக்கெட்டைக்கூடப் பர்ஸில் மடித்து வைப்பவர். பர்ஸைக் கொட்டச் சொன்னேன். மூன்று நாளில் இருந்தது லஸ்கோ டிக்கெட்டும் ஒரு கடை ரசீதும் மட்டும். ஏழு கோட்டையில் ஒன்றுக்குக்கூட நுழைவுச் சீட்டு இல்லை. காரை நிறுத்துமிடத்தில் நிறுத்தி, "மேல ரொம்ப ஏத்தம்மா, உங்க முட்டிக்கு ஆகாது, இங்கருந்துதான் படம் நல்லா வரும்" என்று படம் எடுத்து, அடுத்த இடம். கேட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்பாராம்.

சொன்ன வரலாறு இன்னும் மோசம். பெய்னாக் நெப்போலியன் கட்டிய கோட்டை என்று சொல்லியிருக்கிறார். நெப்போலியன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நின்ற கோட்டை அது. தொர்தோன் ஆற்றுக்கு இந்தக் கரையில் பெய்னாக், அந்தக் கரையில் கஸ்தெல்நோ, நூறாண்டுப் போரில் இது பிரெஞ்சு அரசன் பக்கம், அது பெரும்பாலும் இங்கிலாந்து பக்கம், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்ற கதைதான் அந்தப் பள்ளத்தாக்கின் அழகே. மிலாந்த் கோட்டையை "ஏதோ டான்ஸ்காரியோட பங்களா" என்று வெளிக் கேட்டோடு முடித்துவிட்டார். அது பெயர்பெற்ற நடனக்காரி, பாடகி ஜோசபின் பேக்கர் வாழ்ந்த இடம், 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்த வீடு, இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காக உளவு வேலை பார்த்தவர், 2021-இல் நாட்டின் பெரியவர்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோனில் இடம் கொடுத்தார்கள். சித்திக்கு இதைச் சொன்னதும், "அட, இத சொல்லியிருந்தா நான் கேட்டையாவது நல்லா பாத்திருப்பேனே" என்றார். ஏழு கோட்டைப் பட்டியலில் மோன்ஃபோர், ஃபேராக் இரண்டும் வேறு இருந்தன. இரண்டும் தனியார் வீடுகள், பொதுமக்களை உள்ளே விடுவதே இல்லை. பட்டியலில் அவை "நுழைவு உட்பட" என்று போட்டிருந்தால் அந்த ஆளிடம் பேச்சை அப்போதே முடித்துக்கொள்ளலாம்.

கோயில் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. 480-க்கு மேல், ஒவ்வொரு கோயில் வாசலிலும் "பராமரிப்புக் கட்டணம்" என்று தலைக்கு 5 யூரோ வாங்கியிருக்கிறார். பிரான்சில் கோயிலுக்குள் போவதற்குக் காசு கிடையாது. 1905 சட்டத்திற்குப் பிறகு பழைய ஊர்க் கோயில்கள் அந்தந்த ஊருக்குச் சொந்தம், கதீட்ரல்கள் அரசுக்குச் சொந்தம். கோபுரம் ஏற, பொக்கிஷ அறை பார்க்க, மடத்தின் உள்முற்றம் பார்க்க என்றால் டிக்கெட் இருக்கலாம், அதுவும் எழுதிப் போட்டிருக்கும், சீட்டு கொடுப்பார்கள். கதுவேன் மடத்தில் இந்த ஆள் செய்தது அதுதான்: உள்முற்றத்துக்கு டிக்கெட் உண்டு, கோயில் இலவசம். முற்றத்துக்கான பணத்தை வாங்கிக்கொண்டு கோயிலைக் காட்டிவிட்டுக் கூட்டி வந்துவிட்டார். கதுவேனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இயேசுவின் தலையைச் சுற்றியிருந்த துணி என்று ஒரு துணியை நூற்றாண்டுக் கணக்காக அங்கே வைத்து வணங்கினார்கள், அரசர்களெல்லாம் வந்து முழந்தாளிட்டார்கள், 1934-இல் ஆராய்ந்து பார்த்தால் ஓரத்தில் பூவேலைப்பாடு என்று நினைத்தது அரபு எழுத்து, எகிப்தில் பதினோராம் நூற்றாண்டு வாக்கில் நெய்தது. யாத்திரையை அதோடு நிறுத்திவிட்டார்கள். அவர்களாவது நிறுத்தினார்கள்.

இதில் உச்சம், அந்தச் சனி ஞாயிறு பாரம்பரிய நாட்கள். செப்டம்பர் மூன்றாவது வாரக் கடைசியில் நாடு முழுக்க நினைவுச் சின்னங்களைத் திறந்து விடுவார்கள், பல இடம் இலவசம், சில இடத்தில் பாதி விலை, வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும் வீடுகள்கூடத் திறக்கும். கேம்பிங்கிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு சின்ன மாளிகை, வீட்டுக்காரரே வாசலில் நின்று வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், "அந்த்ரே லிப்ர்", அதாவது இலவச நுழைவு, என்று அட்டை தொங்கியது. அதற்கு அன்று காலையில் அப்பாவிடம் தலைக்கு 12 யூரோ வாங்கியிருக்கிறார்! உள்ளேயாவது போனார்களா என்றால், போனார்கள், கோட்டை மாளிகை என்று பார்த்தால் அது ஒன்றுதான் உள்ளே போன இடம்.

சாயங்காலம் ஆளைப் பார்த்தேன். முதலில் "அண்ணே வாங்க வாங்க", அப்புறம் "பெரியவங்கதான் மேல ஏற மாட்டேன்னாங்க", அப்புறம் "எழுதிக் கொடுத்தேனா?" எழுதிக் கொடுக்கவில்லைதான். ராத்திரியோடு ராத்திரியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பூசைக்கு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்ன கிராமத்துக் கோயிலுக்கு நானே கூட்டிப் போனேன். பூட்டியிருந்தது. ஒரு சாமியார் பல ஊரைச் சுற்றி வருகிற இடங்கள் அவை, கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தால் அந்த மாதத்துக்கு அங்கே ஒரே பூசை, அதுவும் முதல் வாரமே முடிந்துவிட்டது. அம்மா படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஏப்ரனோடு இறங்கி வந்தார், கையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி. திறந்துவிட்டு, மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்து, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். காசு கொடுக்கப் போனேன், முறைத்தார். கிராமத்தில் கோயில் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், இல்லாவிட்டால் வேலை நாளில் மேரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், கேளுங்கள், சாவி அங்கேதான் இருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் கஸ்தெல்நோ ஏறினோம். அம்மாவின் முட்டி நன்றாகவே ஏறியது.

பணம்: சண்டை போட்டு 150 யூரோ திரும்பி வந்தது, அதற்குப் பிறகு என் எண்ணை அடைத்துவிட்டார். நுகர்வோர் புகாருக்கான அரசுத் தளமான சிக்னல்கோன்சோவில் புகார் போட்டிருக்கிறேன், போலீசிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் முன்பே கேட்டிருக்கவேண்டியவை இருக்கின்றன. தங்கலும் பயணமும் சேர்த்துப் பொதியாக விற்கிறவர் சுற்றுலா நிறுவனங்களுக்கான அத்து ஃப்ரான்ஸ் பதிவேட்டில் இருக்கவேண்டும், எண்ணைக் கேட்டால் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். காசுக்கு ஆளேற்றும் காரில் ஓட்டுநரின் தொழில் அட்டை கண்ணாடியில் தெரியவேண்டும். வழிகாட்டி என்றால் கீத் கோன்ஃபெரான்ஸியே என்கிற தொழில்முறை வழிகாட்டி அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணத்தில் இரண்டு வகை உண்டு, தாளில் "ஆர்" என்று இருக்கிறதா "அகோந்த்" என்று இருக்கிறதா பாருங்கள், ஆர் என்றால் அவர் ரத்து செய்தால் இரட்டிப்பாகத் தரவேண்டும். என்னிடம் தாளே இல்லை என்பது வேறு கதை. முடிந்தவரை அட்டையில் கட்டுங்கள். பிறந்தநாள் என்று போடாதீர்கள்.

லஸ்கோவைக் கடைசிக்கு வைத்தேன். "ஒரிஜினல் குகை" என்று எவர் விற்றாலும் பொய். 1940-இல் கண்டுபிடித்த அசல் குகையை 1963-இலேயே மூடிவிட்டார்கள், வருகிறவர்களின் மூச்சுக்காற்றில் ஓவியம் கெட ஆரம்பித்ததால். இப்போது மக்கள் பெரும்பாலும் பார்ப்பது 2016-இல் திறந்த லஸ்கோ 4, குகையை அச்சு அசலாகத் திரும்பச் செய்தது. அருமையான வேலை, அது என்று தெரிந்து போனால் ஏமாற்றமே இல்லை. அசல் வண்ண ஓவியமே வேண்டும் என்றால் லெ-ஸெஸி ஊர்ப் பக்கத்தில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது, கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், முன்பே பதிவு செய்யவேண்டும். இந்த ஆள் அப்பாவுக்குப் பிரெஞ்சு விளக்கத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, உள்ளே பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெரிய காளைகளுக்கு முன்னால் அப்பா அழுதுவிட்டாராம், சித்தி சொன்னார். ஊருக்குப் போய்ப் பழைய மாணவர்கள் எல்லாருக்கும், 17,000 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் விரல் வைத்த பாறைக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எந்தக் குழுவில் வேண்டுமானாலும் இதைப் பகிருங்கள். புதுச்சேரி பள்ளி ஆசிரியர்கள் குழு ஏதாவது இருந்தால் அதில் மட்டும் போடாதீர்கள், அப்பா அதில் இருக்கிறார்.