ஸ்லைடா, எழுத்துக் குறிப்பா, நேர்ப்பேச்சா?

பழைய கம்ப்ரசரை மாற்றித் தரும்படி கேட்க ஒருமுறை 22 ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போனேன். மூன்றாவது ஸ்லைடிலேயே முதலாளி, "அதெல்லாம் சரிப்பா, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றார். தொகை இருந்ததோ 19-ஆவது ஸ்லைடில். தட்டித் தட்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

ஸ்லைடே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தேய்ந்துபோன பாகத்தின் போட்டோவைக் காட்ட, இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் பேச, அதுதான் வசதி. ஆனால் முக்கியமான சங்கதி அதில் சுலபமாக ஒளிந்துகொள்ளும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியை மூடியிருந்த நுரைப்பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. ஆபத்து உண்டா என்று நாசாவுக்கு விளக்க போயிங் பொறியாளர்கள் ஸ்லைடு போட்டார்கள். அதில் ஒன்றின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. கடைசி வரிதான் விஷயம்: அடித்த துண்டு 1,920 கன அங்குலம், சோதித்துப் பார்த்ததோ 3 கன அங்குலத் துண்டு. 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடை வைத்து ஓட்டும் பழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே குறை சொன்னது.

எழுத்தில் இப்படி நழுவ முடியாது. 'அடிக்கடி பழுது', 'மின்செலவு அதிகம்' என்று ஸ்லைடில் இரண்டு புள்ளி வைத்தால் போதும். குறிப்பு எழுத உட்கார்ந்தால் 'மாதம் இரண்டு தடவை நிற்கிறது, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் உற்பத்தி லைன் படுத்துவிடுகிறது, ஆகவே...' என்று கோத்தாக வேண்டும். கணக்கு எங்கே இடிக்கிறது என்பது முதலில் நமக்கே தெரிந்துவிடும். கூட்டத்தில் நாக்கு குழறுகிறவர்களுக்கு இது பெரிய துணை. ஒரே சிக்கல், முந்தின நாள் மெயிலில் அனுப்பினால் யாரும் படிக்காமல் வருவார்கள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டை நிறுத்தியபோது இதற்கும் வழி கண்டார்கள். அதிகபட்சம் ஆறு பக்கக் குறிப்பு; கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாயைத் திறக்காமல் அங்கேயே படிக்க வேண்டும்.

நேர்ப்பேச்சில் முகம் தெரியும். நம் ஆபீஸ்களில் "பார்க்கலாம்" என்றால் பாதிக்கு மேல் 'முடியாது' என்றுதான் அர்த்தம். அந்த இடத்தில் "எது இடிக்குது சார்?" என்று மெதுவாகக் கேட்க ஸ்லைடாலும் முடியாது, மெயிலாலும் முடியாது. ஆனால் பேசியது காற்றோடு போகும், மறுவாரம் "அப்படியா சொன்னேன்?" என்பார். (வாட்ஸ்அப்பில் கேட்பதைச் சேர்க்கவே இல்லை. நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.)

என் ஓட்டு எழுத்துக்குத்தான், ஆனால் பேச்சுக்குப் பிறகு. இரண்டாம் முறை, ஸ்லைடு பக்கம் போகாமல், டீ நேரத்தில் கணக்குப் பிரிவு அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். "மார்ச்சுல கேட்டா யாரு தருவா? ஏப்ரல்ல வைப்பா" என்றார். ஏப்ரல் முதல் வாரம் ஒன்றரைப் பக்கக் குறிப்போடு போனேன். முதல் வரியிலேயே தொகையைப் போட்டிருந்தேன்.