மேலமாசி வீதிப் பழைய புத்தகக் கடையில் ஜெகிலும் ஹைடும்

மேலமாசி வீதிப் பக்கத்து இந்தப் பழைய புத்தகக் கடையில் கோதிக் நாவல்கள் (இருளும் திகிலும் நிறைந்த கதைகள்) மலிவு. ஆனால் பள்ளிச் சுருக்கங்களும் முழுப் பதிப்புகளும் ஒரே அடுக்கில் கலந்து கிடக்கின்றன. ஸ்டீவன்சனின் 1886 நாவலான ‘டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்’ கதையை எடுத்தால் 10 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். மருந்து குடித்து ஹைடாக மாறுபவர் டாக்டர் ஜெகில்; கடைசியில் வரும் அவரது வாக்குமூலம்தான் உயிர்நாடி. ஹைட் முழுத் தீமை. ஜெகிலோ முழு நன்மை அல்ல, பழைய கலவையேதான். ஹைட் ஏன் உருவத்தில் சிறியவன், மருந்து ஏன் பிறகு பலிக்கவில்லை (மருந்தில் முதலில் சேர்த்த உப்பில் இருந்த அசுத்தமே வேலை செய்தது என்று ஜெகில் முடிவுக்கு வருகிறார்) எல்லாம் அங்கேதான். அது வெட்டப்பட்ட பிரதி வெறும் நல்லவன், கெட்டவன் கதை; வாங்காதீர்கள். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் 1818 பாடமே மேல். 1831 திருத்தத்தில், அந்த உயிரைப் படைத்த விக்டரின் குற்றத்தில் விதியும் பங்கு கேட்கிறது. பசை ஒட்டிய பிரதிகள் முதுகு விடும்; தைத்ததாகத் தேடுங்கள்.