பழைய கொரோல்லாவைத் திருத்துவதா, விற்பதா: மட்டக்களப்பில் ஒரு கராஜ் பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியாக ஏறாவூர்ப் பக்கம் போகையில், பிரதான வீதியை விட்டுச் சற்று உள்ளே, பெயர்ப் பலகை எதுவுமின்றித் தகரக் கொட்டகை ஒன்றில் இயங்கும் கராஜைப் பற்றியது இந்த மதிப்பீடு. பெற்றோல் என்ஜின் வேலைக்கு நம்பிப் போகக்கூடிய இடம் அது. எனினும், அங்கு நடந்த திருத்த வேலையைக் காட்டிலும், என்ஜினைக் கழற்றுவதற்கு முன்பே பழுது எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட்டதே எனக்குப் பெரிதும் பயன்பட்டது.

வாகனம் டொயோட்டா கொரோல்லா 110. 1,498 சிசி கொள்ளளவுள்ள 5ஏ-எஃப்ஈ என்ஜின். ஏசி போட்டு ஓடினால் வெப்பமானியின் முள் ஏறும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கினால் வெண்புகை வந்து, நெடுநேரம் அடங்காது. முன்னர் காட்டிய ஓர் இடத்தில், பொனட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்திலேயே, முழு என்ஜினையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விற்றுவிடலாம் என்று தரகர் ஒருவரிடம் பேசியபோது, அவரும் ஓடித் திரியும் கொரோல்லாவின் விலையிலிருந்து ரீகண்டிஷன் என்ஜின், இணைப்புக் கூலி, தமது பயம் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கழித்தார்.

அந்தக் கணக்கில் அவரைக் குறை கூற முடியாது. பழுது இன்னதென்று தெரியாத வாகனத்தை வாங்குபவர், இருப்பதிலேயே மோசமான பழுதையே மனதில் வைத்து விலை பேசுவார். இவ்வளவு பழைய வாகனங்களுக்கு லீசிங் கிடைப்பதும் அரிது என்பதால், கையில் காசுடன் வருபவரே வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி வருபவர் இன்னும் இறக்கிக் கேட்பார். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோதும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய காரின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே இதை விற்று அந்தக் காசில் இதைவிட நல்லதொன்றை வாங்கலாம் என்ற யோசனை, நானறிந்தவரை, பேச்சளவில் மட்டுமே இலாபமானது.

இந்தக் கராஜில் முதல் வேலையாக நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒரு மட்டைத் துண்டின் மீது வரிசை மாறாமல் அடுக்கினார்கள். மூன்றில் காபன் படிந்திருந்தது. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியது போல் வெளுத்திருந்தது. எரியறைக்குள் நீர் கசிந்தால் அது நீராவியாகிப் பிளக்கைத் துடைத்துவிடும் என்பதே அதன் பொருள். அடுத்து கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஏறும் அழுத்தம், பார்த்தார்கள். முதலாவதும் நான்காவதும் நன்றாக இருக்க, நடுவிலுள்ள இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கீழே இறங்கியிருந்தன. அந்த இரண்டுக்குள்ளும் சிறிதளவு ஓயில் ஊற்றி மீண்டும் அளந்தபோதும் மானியில் பெரிய மாற்றமில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஓயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும். ஏறாதபடியால் பழுது மேலே, வால்விலோ கஸ்கட்டிலோதான். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக இறங்கியதும், வெளுத்த பிளக்கும், ரேடியேட்டர் வாயில் ஓயாமல் எழுந்த குமிழிகளும், என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கட்டையே காட்டின.

“என்ஜின் முழுக்கப் போகல்ல தம்பி, ஹெட்டோட நிண்டிட்டு” என்றார் மூத்த மெக்கானிக்.

அதன்பின்னும் அவர் உடனே வேலையைப் பொறுப்பேற்கவில்லை. வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தார். கல்லடி, காத்தான்குடி போன்ற கடலோர இடங்களில் நிற்கும் வாகனங்களை உப்புக் காற்று அடியிலிருந்து தின்பதால், தளமும் சில்லு வளைவுகளும் உக்கியிருந்தால் என்ஜினில் காசைப் போடாமல் விற்கும்படியே சொல்லியிருப்பேன் என்றார். அடித்தளம் தப்பியிருந்தது, கியர்பெட்டியிலும் குறையில்லை. உதிரிப்பாகம் வேறு, கூலி வேறு என்று அவர் எழுதித் தந்த மதிப்பீடு, தரகர் கழித்த தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. என்ஜினை மாற்றினால் அதன் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் புத்தகத்தில் திருத்த வேண்டியிருக்கும். ஹெட் வேலையில் அந்த அலைச்சல் இல்லை. நான் திருத்தும்படி சொன்னேன்.

ஹெட்டைக் கழற்றியதும் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து வளைவைப் பார்த்தார்கள். இவ்வகை ஹெட்டுக்கு டொயோட்டா அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீற்றர், என்னுடையது அதைத் தாண்டியிருந்ததால் லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சீவி எடுத்தார்கள். வால்வு சீல், டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப் ஆகியன கையோடு மாற்றப்பட்டன; எப்படியும் கழற்றிய இடங்கள் என்பதால் அவற்றுக்கு மேலதிகக் கூலி பெரிதாக ஏறவில்லை. சூடேறியதன் காரணமும் அப்போதுதான் வெளிப்பட்டது. சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ரேடியேட்டரின் குழாய்களுக்குள் துருவும் சுண்ணமும் படிந்து கிடந்தன. வெப்பமான ஊர் என்று சொல்லித் தேர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதும், கூலன்ட்டுக்குப் பதிலாக உவர்க் கிணற்று நீரை ஊற்றுவதும் எங்கள் பகுதியில் ஊறிப்போன பழக்கங்கள். அவை இரண்டையும் சரிசெய்யாமல் கஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தால், அதே வேலைக்கு மறுபடியும் வந்து நின்றிருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் கட்டி என்னிடமே தந்தது எனக்குப் பிடித்திருந்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கராஜில் லேத் கிடையாது. ஹெட் கல்முனைக்குப் போய்வரவும், கஸ்கட் செட் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்துசேரவும் ஆகும் காலத்துக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை. சொன்ன நாள் தள்ளிப்போனது. பிற்பகலில் தொலைபேசியை எடுப்பதில்லை. கொட்டகையின் ஒரு பக்கம் திறந்தே கிடப்பதால், மாரி காலத்தில் என்ஜினைத் திறந்துவைக்க அங்கு கொடுப்பதற்கு எனக்கு மனம் வராது. உத்தரவாதம் வாய்வார்த்தை மட்டுமே. அதை விலைச்சிட்டையில் எழுதித் தரும்படி நான்தான் கேட்டு வாங்கினேன்.

கொரோல்லா, நிசான் சன்னி போன்ற பழைய பெற்றோல் கார் வைத்திருப்போர் விற்க முடிவெடுக்கு முன் இங்கு ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. விற்பதே முடிவானாலும், கொம்பிரஷன் அளவுகளையும் எழுத்து மதிப்பீட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் தரகர் கண்டபடி கழிக்க இடமிராது. ஹைபிரிட் வாகனக்காரர்களை அவர்களே வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் முந்திய மாலையே வாகனத்தைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை என்ஜின் முற்றாக ஆறிய பின்னரே மூத்த மெக்கானிக் திறப்பார். காலையில் முதன்முதலாக இயக்கும்போது வரும் புகையையும் தாமே நின்று பார்க்க வேண்டும் என்பார்.